நைல் நதிக்கு எந்த சுருதி?



"இசைக்கு மொழி கிடையாது, எல்லை கிடையாது"ன்னு ஒரு வாக்கியம் இருக்கு. பாட்டு வெளியீட்டு விழா மேடையில கேட்டிருப்பீங்க, ரியாலிட்டி ஷோ நடுவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீங்க. சொன்னவுடனே கைதட்டல் கிடைக்கும். இந்த எபிசோடில் நான் சொல்ல வர்றது அதுக்கு நேர் எதிர். இசைக்கு மொழி உண்டு. ஒரு ஊர் இசை இன்னொரு ஊர்க்காரர் காதுக்கு அபஸ்வரமாகவே கேட்கலாம். பக்கத்து நாடாக இருந்தாலும் அப்படித்தான். அதை முதலிலேயே ஒத்துக்கிட்டு, அங்கிருந்து வேலையை ஆரம்பிச்ச ஒரு இசைக்குழுவைப் பற்றித்தான் இன்னைக்குப் பேசப்போறேன். அதன் பெயர் 'நைல் ப்ராஜெக்ட்'.

முதலில் நதி. நைல் சுமார் 6,650 கிலோமீட்டர் ஓடுது. அதன் படுகையில் 11 நாடுகள் இருக்கின்றன: எகிப்து, சூடான், தென் சூடான், எத்தியோப்பியா, எரித்ரியா, உகாண்டா, கென்யா, டான்சானியா, ருவாண்டா, புருண்டி, காங்கோ ஜனநாயகக் குடியரசு. நதிக்கு ரெண்டு பெரிய கிளைகள். ஒன்று வெள்ளை நைல். உகாண்டாவில் ஜின்ஜா என்ற ஊரில் விக்டோரியா ஏரியை விட்டு வெளியே வருது. இன்னொன்று நீல நைல். எத்தியோப்பிய மேட்டுநிலத்தில், தானா ஏரியில் இருந்து கிளம்புது. ரெண்டும் சூடானின் தலைநகர் கார்ட்டூமில் சேருது. அப்புறம் பாலைவனத்தைக் கடந்து எகிப்து, கடைசியில் மத்தியதரைக் கடல்.

பள்ளிக்கூடத்தில் நாம படிச்சது "எகிப்து நைல் நதியின் நன்கொடை"ங்கிற வரி. ஆனா எகிப்துக்குப் போற தண்ணீரில் சுமார் 85 சதவீதம் எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் பெய்யற மழை. எகிப்தில் மழையே அபூர்வம். கீழே இருக்கிறவருக்கு அந்த நதிதான் உயிர்; மேலே இருக்கிறவரோ "என் வீட்டு மழை, எனக்கு இல்லையா?"ன்னு கேட்கிறார். இதைக் கேட்கும்போது உங்களுக்குக் காவிரி ஞாபகம் வரும், வரத்தான் செய்யும். ஆனா இன்னைக்கு நைல் கரையிலேயே இருப்போம்.

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில், 1929-ல், ஒரு உடன்பாடு போட்டாங்க. மேல்பகுதியில் இருக்கிற காலனிகளில் நதியைத் தொடற எந்தத் திட்டத்தையும் தடுக்கிற அதிகாரம் எகிப்துக்குக் கிடைத்தது. 1959-ல் எகிப்தும் சூடானும் தங்களுக்குள் தண்ணீரைப் பங்கு பிரித்தன. எகிப்துக்கு ஆண்டுக்கு 5,550 கோடி கன மீட்டர், சூடானுக்கு 1,850 கோடி. மழையைத் தர்ற எத்தியோப்பியா அந்தப் பேச்சுவார்த்தையிலேயே இல்லை. இந்தப் பின்னணியில்தான், 2011 ஏப்ரலில், எத்தியோப்பியா நீல நைலின் குறுக்கே ஒரு பிரம்மாண்டமான அணையைக் கட்ட ஆரம்பிச்சது. 'மறுமலர்ச்சி அணை'ன்னு பெயர். வெளிநாட்டுக் கடன் கிடைக்காததால், சொந்த மக்களிடமே கடன் பத்திரம் விற்றுப் பணம் திரட்டினாங்க. அரசு ஊழியர்கள் சம்பளத்தில் இருந்து கொடுத்தாங்க. வீட்டில் மின்சாரமே பார்க்காத கோடிக்கணக்கானவர்களுக்கு அது ஒரு கனவு. கெய்ரோவில் இருந்து பார்த்தால் அதே அணை ஒரு பயம்.

அதே 2011-ல்தான் நைல் ப்ராஜெக்ட்டும் தொடங்குது. தொடங்கியவர்கள் ரெண்டு பேர். மினா கிர்கிஸ், எகிப்தைச் சேர்ந்த இசை ஆய்வாளர். மெக்லித் ஹதேரோ, அடிஸ் அபாபாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பாடகி. ரெண்டு பேரும் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ஒரு எத்தியோப்பியக் கச்சேரிக்குப் போறாங்க. கச்சேரி முடிஞ்சு பேசும்போது ஒரு விஷயம் உறைக்குது. எகிப்துக்காரர் ஒருவர், தன் நாட்டுக்குத் தண்ணீர் தர்ற நாட்டின் இசையை நேரில் கேட்க, பசிபிக் கடற்கரை வரைக்கும் வர வேண்டியிருந்திருக்கு.

இது தற்செயல் இல்லை. கெய்ரோ பல ஆண்டுகளாக அரபு உலகத்தின் இசைத் தலைநகரம். உம் குல்தூமின் குரல் பாக்தாத் வரை, மொராக்கோ வரை போச்சு. அடிஸ் அபாபாவுக்குன்னு தனி உலகம். 1960களிலும் 70களிலும் அங்கே பித்தளை வாத்தியங்களோடு எத்தியோப்பியப் பாட்டு வேற ஒரு உயரத்துக்குப் போச்சு. கம்பாலாவும் நைரோபியும் காங்கோவின் கிட்டார் இசையைக் கேட்டன, லண்டனைக் கேட்டன. ஒரே நதியில் குளிக்கிறவங்க ஒருத்தர் பாட்டை ஒருத்தர் கேட்கலை. ரேடியோவும் கேசட்டும் கப்பலும் விமானமும் போன பாதை வேற, நதி போன பாதை வேற.

ஆனா வாத்தியங்கள் நதி போன பாதையில் போயிருக்கு. இந்த எபிசோடுக்காகப் படிக்கும்போது எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

ஒரு வாத்தியத்தைக் கற்பனை பண்ணிக்கோங்க. தோல் மூடிய ஒரு கிண்ணம். அதில் இருந்து மேலே நீளும் ரெண்டு கைகள். அந்த ரெண்டையும் மேலே இணைக்கிற குறுக்குக் கட்டை. அந்தக் கட்டையில் இருந்து கிண்ணத்துக்கு இழுத்துக் கட்டின தந்திகள். இந்த வகைக்கு ஆங்கிலத்தில் 'லயர்' என்று பெயர். கென்யாவில் விக்டோரியா ஏரிக்கரையில் வாழும் லுவோ மக்களிடம் இது 'நியாதிதி', எட்டுத் தந்தி. உகாண்டாவில் இதுவே 'எண்டோங்கோ'. எத்தியோப்பியாவில் 'கிரார்'. சூடானில் 'தம்பூர்', நம்ம தம்புராவோடு குழப்பிக்காதீங்க. எகிப்தில் சூயஸ் கால்வாய்க் கரை ஊர்களில் 'சிம்சிமிய்யா'. ஏரியில் இருந்து கடல் வரைக்கும் ஒரே குடும்பம், பெயர் மட்டும் மாறிக்கிட்டே வருது. பழைய எகிப்தின் கல்லறை ஓவியங்களிலும் இந்த வாத்தியம் இருக்கு.

இன்னொரு வாத்தியம், வடமேற்கு உகாண்டாவின் 'அடுங்கு'. வில் மாதிரி வளைந்த ஒரு தண்டு, அடியில் தோல் மூடிய பெட்டி, தண்டுக்கும் பெட்டிக்கும் நடுவே வரிசையாகத் தந்திகள். படத்தைப் பார்த்தவுடனே நமக்கு ஒன்று தோணும். ஆமா, யாழ். சங்கப் பாடல்களில் பாணர்கள் தூக்கிக்கிட்டுப் போன, வில் போல வளைந்த யாழும் இதே வகைதான். நம்மிடம் அது வழக்கொழிந்து போச்சு. விபுலாநந்த அடிகள் அதன் இலக்கணத்தைத் தேடி ஒரு பெரிய நூலே எழுத வேண்டியிருந்தது. உகாண்டாவில் இன்னைக்கும் கல்யாண வீட்டில் வாசிக்கிறாங்க. அங்கிருந்து இங்கே வந்ததுன்னோ, இங்கிருந்து அங்கே போச்சுன்னோ நான் சொல்லலை. ஒரே வடிவம் ரெண்டு இடத்தில், ஒரு இடத்தில் மட்டும் உயிரோடு இருக்கு. அவ்வளவுதான்.

சரி, வாத்தியம் ஒரே குடும்பம்னா சேர்ந்து வாசிக்க வேண்டியதுதானே? இங்கதான் சிக்கலே. குடும்பம் ஒன்று, ஆனா சுருதி வேற.

கொஞ்சம் பொறுமையா கேளுங்க, இது முக்கியம். எத்தியோப்பிய மேட்டுநிலப் பாடல்கள் பெரும்பாலும் ஐந்து சுரங்களில் அமைந்தவை. அங்கே நாலு முக்கியமான சுர அமைப்புகள் இருக்கு. அதில் ஒன்றின் பெயர் 'டிஸிட்டா'. அம்ஹாரிக் மொழியில் நினைவு, ஏக்கம்னு அர்த்தம். அதன் ஒரு வடிவத்தில் வர்ற ஐந்து சுரங்கள் நம்ம மோகனத்தின் ஐந்து சுரங்கள்தான். அதனால எத்தியோப்பியப் பாட்டு நமக்குச் சட்டுன்னு பழகின மாதிரி கேட்கும். ஆனா கவனம்: சுரம் ஒன்றுதான், வளைவு, நெளிவு, குரல் நடுக்கம் எல்லாம் வேற.

எகிப்துக்கு வருவோம். அரபு இசையின் 'மகாம்' முறையில் ஏழு சுரங்கள். 'ரஸ்த்' என்ற மகாமில் வர்ற காந்தாரம், நம்ம சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் நிற்கும். கீபோர்டில் அந்தச் சுரத்துக்குக் கட்டையே கிடையாது. ரெண்டு கட்டைக்கு இடையில இருக்கிற இடுக்கில் அது இருக்கு. பழக்கம் இல்லாத காதுக்கு "என்ன, சுருதி விலகுதே"ன்னு தோணும். அரபுக் காதுக்கு அதுதான் இனிமை.

இப்போ உகாண்டா. புகாண்டா மக்களின் மரபிசையிலும் ஐந்து சுரம்தான். "அப்போ எத்தியோப்பியாவோடு சேர்ந்துடும்"னு நினைப்பீங்க. சேராது. அங்கே ஸ-வில் இருந்து மேல் ஸ வரைக்கும் உள்ள தூரத்தைக் கிட்டத்தட்ட ஐந்து சம பங்காகப் பிரிக்கிறாங்க. கீபோர்டில் ரெண்டு கட்டை தள்ளினா குறையும், மூணு கட்டை தள்ளினா கூடிடும். எத்தியோப்பியரின் ஐந்தும் உகாண்டாக்காரரின் ஐந்தும் வேற வேற ஐந்து.

மூணு பேரும் சுத்தமான சுருதியில் வாசிக்கிறாங்க. மூணு பேரும் சேர்ந்து வாசிச்சா அபஸ்வரம். யார் மேலயும் தப்பு இல்லை. அண்டை நாட்டுத் தகராறுகள் எல்லாத்துக்கும் இதைவிடத் துல்லியமான ஒரு விளக்கத்தை நான் கேட்டதில்லை.

தாளமும் அப்படித்தான். எகிப்தின் தாளங்கள் பல நாலு நாலாக நடக்கும். எத்தியோப்பியாவின் பாடல்கள் நிறைய ஆறு எண்ணிக்கையில், நம்ம திஸ்ர நடை மாதிரி, ஊஞ்சல் போல ஆடும். கிழக்கு ஆப்பிரிக்க மேளங்களில் ரெண்டும் மூணும் ஒரே நேரத்தில் ஓடும். "ஒண்ணு எங்கே இருக்கு?"ங்கிற கேள்விக்கே ஒவ்வொருத்தர் காலும் ஒவ்வொரு இடத்தில் தட்டும்.

இந்த மாதிரி சமயத்தில் உலகம் வழக்கமா என்ன பண்ணும்? ரெண்டு வழி இருக்கு.

ஒரு வழி, மூணாவது ஆளின் இசையைப் பொதுவா எடுத்துக்கிறது. இதுக்கு உலகத்திலேயே பிரபலமான உதாரணம் 'வெஸ்ட்-ஈஸ்டர்ன் திவான்' இசைக்குழு. இஸ்ரேலியப் பியானோ கலைஞரும் இசை நடத்துநருமான டேனியல் பாரன்பாய்ம், பாலஸ்தீனச் சிந்தனையாளர் எட்வர்ட் சயீத், இந்த ரெண்டு நண்பர்களும் 1999-ல் ஜெர்மனியின் வைமர் நகரில் தொடங்கியது. இஸ்ரேலிய, அரபு இளைஞர்கள் ஒரே வரிசையில் உட்கார்ந்து வாசிப்பாங்க. 2005-ல் பாலஸ்தீன ரமல்லாவிலேயே போய் வாசிச்சாங்க. பெரிய துணிச்சல். அங்கே அவங்க வாசிக்கிறது பீத்தோவன், மோட்சார்ட். மேடையில் இருக்கிற எல்லாருக்கும் அந்த இசையை வாசிக்கத் தெரியும், எல்லாருக்கும் ஒரே நோட்டேஷன், சுருதித் தகராறு இல்லை. யார் வீட்டிலும் இல்லாம பொது மண்டபத்தில் சந்திக்கிற மாதிரி. அதில் ஒரு நியாயம் இருக்கு. வீட்டுக்குக் கூப்பிட முடியாத அளவுக்குச் சண்டை இருக்கும்போது மண்டபம்தான் வழி.

ரெண்டாவது வழி இன்னும் சுலபம். எல்லாரையும் கீபோர்டு சுருதிக்கு இழுத்து, அடியில ஒரு டிரம் லூப் போட்டு, மேலே கொஞ்சம் கொஞ்சம் எல்லா ஊரையும் தூவிடறது. கேட்க நல்லாவே இருக்கும். ஆனா அந்த இடுக்கில் இருந்த காந்தாரம் செத்துப் போகும்.

நைல் ப்ராஜெக்ட் ரெண்டையும் எடுக்கலை. பொது மண்டபம் வேண்டாம், ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போவோம்னு முடிவு பண்ணினாங்க. 2013 ஜனவரியில் எகிப்தின் அஸ்வான் நகரில் முதல் முகாம். வெவ்வேறு நைல் நாட்டுக் கலைஞர்கள் சேர்ந்து தங்கி, ஒருத்தர் இசையை ஒருத்தர் கற்றுக்கிட்டு, சேர்ந்து பாட்டு உருவாக்கி, கடைசியில் கச்சேரி. மேடையில் கோல் பிடிச்சு நிற்கிற கண்டக்டர் கிடையாது. ஒருத்தர் பாட்டைக் கொண்டு வந்தா அந்தப் பாட்டுக்கு அவர்தான் வீட்டுக்காரர், மத்தவங்க விருந்தாளிகள். அடுத்த பாட்டில் இடம் மாறும்.

இதில் நடைமுறையில் என்ன நடக்கும்னு யோசிச்சுப் பாருங்க. எகிப்தின் 'ஊத்' வாத்தியத்துக்கு, வீணையில் இருக்கிற மாதிரி மெட்டுகள் கிடையாது. விரலை எங்கே வேணா வைக்கலாம், எந்தச் சுரத்தின் இடுக்குக்கும் போகலாம். அதனால ஊத் வாசிக்கிறவர் எத்தியோப்பியப் பாட்டுக்குள்ள சுலபமா நுழைஞ்சிடலாம். கிரார் அப்படி இல்லை. அதில் ஒரு தந்திக்கு ஒரு சுரம். ஐந்தாறு தந்தி இருந்தா ஐந்தாறு சுரம், அவ்வளவுதான் சொத்து. எகிப்தியப் பாட்டு வரும்போது கிரார் கலைஞருக்கு ரெண்டு வழிதான். தந்தியைத் தளர்த்தி இறுக்கிப் புது சுருதி கூட்டணும். இல்லைன்னா தன்னிடம் இல்லாத சுரம் வர்ற இடத்தில் சும்மா இருக்கணும்.

சும்மா இருக்கிறதும் வாசிப்பில் சேர்த்திதான். நம்ம கச்சேரியில் நல்ல பக்கவாத்தியக்காரரைப் பார்த்திருப்பீங்க. பாடகர் கார்வை கொடுக்கிற இடத்தில் மிருதங்கக்காரர் கையைத் தூக்கிட்டு உட்கார்ந்திருப்பார். அந்த மௌனத்துக்குப் பல வருஷப் பயிற்சி வேணும். வேற நாட்டுக்காரர் பாட்டில், பழக்கமே இல்லாத பாட்டில், எங்கே சும்மா இருக்கணும்னு தெரியறதுக்கு அந்தப் பாட்டை எவ்வளவு கேட்டிருக்கணும்!

குழுவில் இருந்த சிலரைச் சொல்றேன். ருவாண்டாவின் சோஃபி ன்சாயிசெங்கா. 'இனங்கா'ன்னு ஒரு வாத்தியம். குழிவான நீளப் பலகையின் மேல் ஒரே நீளத் தந்தியை முன்னும் பின்னுமாக இழுத்துக் கட்டியிருப்பாங்க. ஆண்கள் கையிலேயே இருந்த அந்த வாத்தியத்தை அப்பாவிடம் கற்றுக்கிட்டுப் பெரிய கலைஞர் ஆனவர். கென்யாவின் கஸீவா முதுவா, தாள வாத்தியக் கலைஞர். பெண் மேளம் அடிக்கக் கூடாதுங்கிற ஊரில், பாட்டி சொல்லிக் கொடுத்த தாளங்களோடு வளர்ந்தவர். அவருடைய டெட் உரை இணையத்தில் இருக்கு, கட்டாயம் பாருங்க. புருண்டியின் ஸ்டீவன் சோகோ, பாடகர், பல வாத்தியங்கள் வாசிப்பவர். சூடானில் பிறந்து அமெரிக்காவில் வாழும் பாடகி அல்சாரா. அவர் பாட்டு முழுக்க நூபியர்களின் வாசனை இருக்கும்.

நூபியர்கள்னு சொன்னேன் இல்லையா. முதல் முகாமுக்கு அஸ்வானைத் தேர்ந்தெடுத்ததன் கனம் இங்கதான் இருக்கு.

அஸ்வான்னா அணை. 1960-ல் ஆரம்பிச்சு 1970-ல் முடிஞ்ச அஸ்வான் உயர் அணை. எகிப்துக்கு அது மின்சாரம், வெள்ளத்தில் இருந்து பாதுகாப்பு, நாட்டின் பெருமை. அணைக்குப் பின்னாடி தேங்கின ஏரியில் மூழ்கினது நூபியர்களின் நிலம். எகிப்திலும் சூடானிலும் சேர்த்து சுமார் 1,00,000 பேர் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டாங்க. கோவில்களைக் காப்பாற்ற யுனெஸ்கோ உலகம் முழுக்கப் பணம் திரட்டியது. அபு சிம்பெல் கோவிலைத் துண்டு துண்டாக அறுத்து மேட்டில் கொண்டு வைத்தார்கள். வீடுகளுக்கும் பேரீச்சந்தோப்புகளுக்கும் அந்த வசதி கிடைக்கலை.

ஹம்ஸா எல் தீன்னு ஒருத்தர். 1929-ல் தோஷ்காங்கிற நூபிய கிராமத்தில் பிறந்தவர். மின் பொறியியல் படிச்சு ரயில்வேயில் வேலை பார்த்துக்கிட்டிருந்தவர், அணை வரப்போகுதுன்னு தெரிஞ்சதும் வேலையை விட்டுட்டு, ஊத்தை எடுத்துக்கிட்டு கிராமம் கிராமமாப் போனார். என்ன வரப்போகுதுன்னு மக்களுக்குப் பாட்டு வழியா சொல்லப் பார்த்தார். அணை நிற்கலை. தோஷ்கா மூழ்கிப் போச்சு. பிறகு அவர் அமெரிக்கா போனார், 1971-ல் 'எஸ்கலே' என்ற இசைத்தட்டு வந்தது. எஸ்கலேன்னா நீர்ச்சக்கரம், மாடு சுற்றி இறைக்கிற ஏற்றம். மூழ்கிப்போன ஊரில் இனி யாரும் சுற்ற முடியாத ஒரு சக்கரம்.

நூபியர்களிடம் 'திரும்புதலின் பாடல்கள்'னு ஒரு வகையே இருக்கு, இந்த இடப்பெயர்வுக்குப் பிறகு வந்தது. அல்சாரா பாடி உலகத்துக்குக் கொண்டு போனதில் அந்த மரபும் ஒன்று.

அப்படின்னா கவனிங்க: ஒரு அணையால் ஊர் இழந்தவர்களின் இசை, அந்த அணை நிற்கும் நகரத்தில், இன்னொரு அணையைக் கட்டிக்கொண்டிருக்கிற நாட்டின் கலைஞர்களோடு சேர்ந்து ஒலிக்குது. அந்தக் கச்சேரிக்கு 'அஸ்வான்'னே பெயர் வைத்து ஆல்பமாக வெளியிட்டாங்க.

இப்போ கதையின் கசப்பான பகுதி. கச்சேரி முடிஞ்சு ஐந்தே மாதம். 2013 ஜூன். எத்தியோப்பியா நீல நைலின் போக்கைத் திருப்பிவிட்டு அணை வேலையை அடுத்த கட்டத்துக்குக் கொண்டு போயிருந்தது. எகிப்தின் அப்போதைய ஜனாதிபதி முகமது மோர்சி, அரசியல் தலைவர்களைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார். அது நேரடி ஒளிபரப்புன்னு வந்தவங்களுக்கு யாரும் சொல்லலை. மூடிய கதவுக்குள்ளே பேசறதா நினைச்சுக்கிட்டு, எத்தியோப்பியாவில் கிளர்ச்சிக்காரர்களுக்கு உதவலாம், உளவுத்துறையை வைத்து அணையை உடைக்கலாம்னு யோசனை மேல யோசனை சொன்னாங்க. மொத்தமும் டிவியில் ஓடிக்கிட்டிருந்தது. பிறகு ஜனாதிபதியின் உதவியாளர் வருத்தம் தெரிவிச்சார், ஒளிபரப்புன்னு முன்னாடியே சொல்லாததுக்காக.

அப்போ ஜனவரியில் வாசிச்ச அந்த இசைக்கு என்ன பயன்? இந்தக் கேள்வியைக் கேட்காம இந்த எபிசோடை முடிச்சா அது ஏமாத்து வேலை.

நேரடியான பதில்: அணை விஷயத்தில் எந்தப் பயனும் இல்லை. நைல் ப்ராஜெக்ட் 2015-ல் அமெரிக்காவில் பல மாதங்கள் சுற்றி, பல்கலைக்கழகங்களில் கச்சேரியும் தண்ணீர் பற்றிய கலந்துரையாடலும் நடத்தியது. 2017-ல் மறுபடியும் போனாங்க. அதே வருஷம் 'ஜின்ஜா' ஆல்பம் வந்தது, வெள்ளை நைல் கிளம்பும் ஊரின் பெயரில். அணைத் தகராறு அதன் வழியில் போய்க்கிட்டே இருந்தது. 2020-ல் நீர் நிரப்ப ஆரம்பிச்சாங்க. 2025 செப்டம்பரில் எத்தியோப்பியா அணையைத் திறந்து வைத்தது. நைல் நாடுகள் சேர்ந்து உருவாக்கின கூட்டு உடன்பாடு 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. எகிப்தும் சூடானும் அதில் இல்லை. இதையெல்லாம் மாற்றுவோம்னு எந்த ஊத்தும் கிராரும் வாக்குக் கொடுக்கலை.

இன்னொரு விமர்சனமும் நியாயமானது. அண்டை நாட்டு இசை கேட்க அமெரிக்கா வர வேண்டியிருக்கேன்னு வருத்தப்பட்டுத் தொடங்கின குழு, கடைசியில் தன் பெரிய பயணங்களை அமெரிக்காவிலேயே நடத்தியது. காசு இருக்கிற மேடைகள் அங்கேதான் இருக்கு. நைல் கரையில் ஆப்பிரிக்கக் கலைஞர்களுக்கு விசா, விமானம், அரங்கம் எல்லாமே தலைவலி. கெய்ரோவில் ஆட்டோ ஓட்டுறவர் இந்தப் பாட்டைக் கேட்டாரா? அடிஸ் அபாபா டீக்கடையில் ஒலிச்சுதா? அந்தக் கேள்விகள் அப்படியே நிற்குது.

இருந்தாலும் நான் இந்தக் குழுவைப் பெரிசா நினைக்கிறதுக்குக் காரணம் ஒன்று இருக்கு. 1959-ல் தண்ணீரைப் பங்கு பிரிச்ச மேஜையில் எத்தியோப்பியா இல்லை. 2024-ல் நடைமுறைக்கு வந்த உடன்பாட்டில் எகிப்து இல்லை. 2013 ஜனவரியில் அஸ்வானில் ரெண்டு பேரும் ஒரே மேடையில் இருந்தாங்க. சும்மா புகைப்படத்துக்காக இல்லை. ஒருத்தர் பாட்டுக்கு இன்னொருத்தர் சுருதி மாற்றிக் கூட்டினாங்க. அந்தத் தொலைக்காட்சிக் கூட்டத்தில் பேசினவர்களுக்கு எத்தியோப்பியான்னா வரைபடத்தில் ஒரு நிறம், ஒரு கான்கிரீட் சுவர். ஒரு பெயர், ஒரு குரல், ஒரு பாட்டு ஞாபகத்தில் இருந்தா உடைக்கலாம்னு சொல்ல வாய் வந்திருக்குமான்னு எனக்குத் தெரியாது. வந்திருக்கலாம், தெரிஞ்சவங்களும் சண்டை போடத்தான் செய்றாங்க. ஆனா தெரியாதவங்களுக்கு நடுவில் பேச்சுவார்த்தையே தொடங்காது.

அதனாலதான் ஆரம்பத்தில் அந்த வாக்கியத்தோடு சண்டை போட்டேன். "இசைக்கு எல்லை இல்லை"ன்னு சொன்னா வேலை முடிஞ்சு போச்சு, கைதட்டிட்டு வீட்டுக்குப் போகலாம். எல்லை இருக்குன்னு ஒத்துக்கிட்டாத்தான் தந்தியைத் தளர்த்தணும், பக்கத்தில் இருக்கிறவர் தாளத்தில் 'ஒண்ணு' எங்கே விழுதுன்னு தேடணும், நம்ம சுரம் பொருந்தாத இடத்தில் காத்திருக்கணும். இது நேரம் எடுக்கும், அலுப்பா இருக்கும், பல தடவை சரியா வராது. பக்கத்து வீட்டுக்காரரோடு வாழ்றதும் அப்படித்தானே.

சரி, கேட்கிறது எப்படி? 'அஸ்வான்', 'ஜின்ஜா' ரெண்டு ஆல்பத்தையும் தேடி எடுங்க. போன் ஸ்பீக்கரில் வேண்டாம், இயர்போன் போட்டுக்கோங்க. முதல் தடவை சும்மா கேளுங்க. ரெண்டாவது தடவை ஒரே ஒரு வாத்தியத்தைப் பிடிச்சுக்கோங்க. கிராரையே பிடிங்க, டங் டங்னு மணி மாதிரி வர்ற தந்தி. அது எங்கே நுழையுது, எங்கே நிறுத்துதுன்னு மட்டும் பாருங்க. எகிப்தியக் குரல் உயர்ந்து அந்த இடுக்குச் சுரத்துக்குப் போகும்போது சுற்றி இருக்கிறவங்க என்ன பண்றாங்கன்னு கவனிங்க. அங்கே சில வாத்தியம் அமைதியா இருந்தா, அது பாட்டு தெரியாததால இல்லை.

கேட்டுட்டு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.